படம் 4-ல் ஒரு கோணல் ஓட்டை: வெளிநாட்டுப் பல்கலையோடு கூட்டு ஆராய்ச்சி, பெங்களூர் அனுபவங்கள்

யஷ்வந்த்பூர் வாசி

மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இங்கே பாதிப் பேர் ஏதோ ஒரு லேபில் குப்பை கொட்டியவர்கள்தான், அதனால் எம்.ஓ.யு. (புரிந்துணர்வு ஒப்பந்தம்) பற்றியெல்லாம் விளக்கப் போவதில்லை. நான் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட். பார்ட்னர் ஒரு பிரிட்டிஷ் பல்கலை. கோலார் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அளக்க ஒரு கையடக்கக் கருவி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான் வேலை.

தண்ணீர் ஓடுகிற அந்தச் சின்ன அக்ரிலிக் அறையை, செல் என்போம், வரைந்தது நான். துளை போட்டுக் கொடுத்தது பீண்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை, சேலத்துக்கார அண்ணன். முதல் பீஸில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையைக் கோணலாகப் போட்டுவிட்டார். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, மேல்பக்கமாகச் சாய்ந்து. "வேற போட்டுத் தரேன் தம்பி" என்றார். மறுநாள் டெமோ. பரவாயில்லைண்ணா என்று வாங்கி வந்துவிட்டேன்.

ப்ராஜெக்ட் முடிந்து வேறு வேலைக்கும் போயாயிற்று. ஒருநாள் காலை மல்லேஸ்வரத்தில் ஒரு தர்ஷினியில் நின்றபடி தட்டே இட்லி சாப்பிடும்போது சும்மா என் கைடு (ஆராய்ச்சி வழிகாட்டி) பெயரைப் போட்டுத் தேடினேன். பேட்டன்ட் விண்ணப்பம் ஒன்று வந்தது. படம் 4. என் செல். அந்தக் கோணல் ஓட்டையோடு! யாரோ அதை அப்படியே கோடு பிடித்து வரைந்து, 14 என்று எண் போட்டு அம்புக்குறி விட்டிருக்கிறார். கண்டுபிடித்தவர்கள் என்று கைடும் அந்த ஊர்ப் பேராசிரியர் இருவரும். என் பெயர் இல்லை. சட்னி முழங்கை வரை வழிந்திருந்ததைப் பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் பார்த்தேன்.

பணம் போகட்டும். அந்த ஓட்டை கண்ணிலேயே நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்ததா?

பழைய டி.டி.ஓ.

கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். கிளெய்ம் படித்தீர்களா? படத்தில் இருப்பதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது. எதற்கு உரிமை கேட்கிறோம் என்று கடைசிப் பக்கங்களில் எண் போட்டு வருமே, அதுதான் கிளெய்ம், அதில் உள்ள யோசனையைக் கொடுத்தவர்தான் கண்டுபிடிப்பாளர். சொன்னதைச் செய்து கொடுத்தவர் எவ்வளவு உழைத்திருந்தாலும் அந்தப் பட்டியலில் வரமாட்டார். கசப்பாக இருக்கும், ஆனால் அதுதான் கணக்கு.

என் கதை சின்னது. ஆறு வருடம் ஒரு தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் (டி.டி.ஓ.), பல்கலைக் கண்டுபிடிப்புகளுக்கு பேட்டன்ட் போடும் இடத்தில், இருந்தேன். எங்கள் பேராசிரியர் ஒருவர் ஜெர்மனியில் பார்ட்னர் பல்கலை நடத்திய கருத்தரங்கில் போஸ்டர் வைத்தார். திரும்பி வந்து மூன்று வாரம் கழித்து இங்கே பேட்டன்ட் போட்டோம். பிறகு ஐரோப்பாவில் போடும் நேரத்தில் அந்தப் பக்கத்து வக்கீல் கேட்டார், போஸ்டர் என்றைக்குத் தொங்கியது என்று. நம்மவர் பெருமையாக ஒரு செல்ஃபி அனுப்பினார். பின்னால் போஸ்டர், கழுத்தில் தேதி போட்ட அடையாள அட்டை. கதை முடிந்தது. வெளியில் காட்டிய பிறகு விண்ணப்பிக்க அமெரிக்காவில் ஒரு வருடம் சலுகை உண்டு, இந்தியாவில் ரொம்பக் குறுகலான விதிவிலக்கு, ஐரோப்பாவில் இப்படிப்பட்ட போஸ்டருக்கு அதுகூடக் கிடையாது. விண்ணப்பத்துக்கு முதல் நாள் வெளியில் தெரிந்திருந்தாலும் புதுமை போச்சு, பேட்டன்ட் கிடைக்காது.

அப்புறம், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் முதலில் பேட்டன்ட் போட வேண்டுமென்றால் நம் பேட்டன்ட் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் இங்கே முதலில் போட்டுவிட்டு ஆறு வாரம் பொறுக்க வேண்டும். பேட்டன்ட் சட்டம் 1970-இன் 39வது பிரிவு. மீறினால் 118வது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உங்கள் கைடு பெங்களூரில்தானே இருந்தார்? பேட்டன்ட் முதலில் எங்கே போடப்பட்டது என்று பாருங்கள். இனிமேலாவது லேப் நோட்டில் பக்க எண் போட்டு, தேதி போட்டு, உங்கள் வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத்தில் யாருக்குச் சொந்தம் என்பதோடு, எந்த நாட்டில் யார் செலவில் பேட்டன்ட் போடுவது, பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டால் மற்றவருக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் பல்கலையும் கம்பெனியும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்கு 'லாம்பர்ட்' என்ற பெயரில் மாதிரிப் படிவ ஒப்பந்தங்களை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஜக்கூர்க்காரி

டி.டி.ஓ. சார், ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் போய் சாட்சிக் கையெழுத்து கேட்டால் அடுத்த மாதம் காண்ட்ராக்ட் நீட்டிப்பார்களா? எந்த லேப் சார் அது, நானும் சேர்ந்துகொள்கிறேன்.

என் கதை உலர்பனிக்கட்டி. மேற்குத் தொடர்ச்சி மலை மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியா, ஐரோப்பியப் பார்ட்னருக்கு அனுப்ப வேண்டும். ஏர்போர்ட் கார்கோவில் ஒரு கடிதம் கேட்டார்கள், தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி. கைடுக்கு போன் போட்டால் "மண்ணுதானேம்மா" என்கிறார். மண் இல்லை சார், மண்ணில் இருக்கிற உயிர். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி நுண்ணுயிரும் உயிரியல் வளம்தான். மத்திய அரசு ஒப்புக்கொண்ட கூட்டு ஆராய்ச்சி என்றால் விலக்கு உண்டு. எங்களுடையது இரண்டு பேராசிரியர்கள் ஒரு மாநாட்டு டின்னரில் கைகுலுக்கித் தொடங்கியது.

மாலை நான்கிலிருந்து இரவு பதினொன்று வரை, பாக்டீரியாவை உலர்பனிக்கட்டியில் அடைத்த பெட்டி என் மடியில். முதலில் தூக்கவே முடியவில்லை. அப்புறம் லேசாகிக்கொண்டே வந்தது. உலர்பனிக்கட்டி உருகாது, அப்படியே வாயுவாகப் போய்விடும். கடைசியில் ஒரு கையால் தூக்கிக்கொண்டு டாக்ஸிக்கு நடந்தேன். அந்த எடைக் குறைவு இன்னும் கையில் இருக்கிறது. உலர்த்திப் பொடியாக அனுப்பியிருக்கலாமே என்று யாரும் சொல்ல வேண்டாம், தெரியும்.

ஆணையம் இருப்பது சென்னை தரமணியில். லால்பாக் எக்ஸ்பிரஸில் நான்தான் போனேன், "உனக்குத் தெரிஞ்ச ஊர்தானே" என்று கைடு சொன்னதால்.

ஹொசூர் ரோடு

பழைய டி.டி.ஓ. சொல்வதைப் பார்த்தால் சட்டம் தெரிந்தால் போதும் என்கிற மாதிரி இருக்கிறது. எந்த சட்டம்? அமெரிக்காவில் 1980-இல் பேய்-டோல் சட்டம் வந்தது, அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததைப் பல்கலையே வைத்துக்கொள்ளலாம் என்று. ஜெர்மனியில் 2002 வரை பேராசிரியருக்கே சொந்தம். இப்போது பல்கலைக்குச் சொந்தம், ஆனால் வருவாயில் 30 சதவீதம் கண்டுபிடித்தவருக்கு என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்வீடனில் இன்றைக்கும் பேராசிரியருக்குத்தான். இங்கே 2008-இல் மாநிலங்களவையில் பேய்-டோல் மாதிரி ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், 2014-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆக ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கையைத் தானே எழுதிக்கொள்கிறது. அதை யாராவது சேரும்போது கையில் கொடுக்கிறார்களா?

எனக்குச் சொல்ல ஒன்றுதான். ஒப்பந்தப் பேச்சு, வீடியோ அழைப்பு, இரவு பதினொன்றரை. அந்தப் பக்கம் நான்கு வக்கீல்கள், இந்தப் பக்கம் எங்கள் டீனும் நானும். "முன்னரே உள்ள அறிவுச்சொத்து" என்று ஒரு பட்டியல் கேட்டார்கள். அவர்கள் பட்டியல் பதினோரு பக்கம். டீன் மைக்கை அணைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நம்மகிட்ட என்னப்பா இருக்கு?" நாங்கள் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தோம். எட்டு வருட வேலை.

பழைய டி.டி.ஓ.

சட்டம் போதும் என்று நான் சொல்லவே இல்லை. திரும்பப் படியுங்கள். கூட்டு என்றாலே ஏமாற்று என்பது போல் எல்லோரும் எழுதுவதால் ஒன்று நினைவுபடுத்துகிறேன். ரோட்டாவேக், குழந்தைகளுக்கு வரும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான தடுப்பு மருந்து. 1980களின் நடுவில் தில்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் கிடைத்த 116இ வைரஸ்தான் அதற்கு மூலம். ஸ்டான்ஃபோர்டு, அமெரிக்க அரசின் சுகாதார அமைப்புகளான என்.ஐ.எச்., சி.டி.சி., பாத் (PATH) என்ற சுகாதாரத் தொண்டு அமைப்பு, நம் உயிரித் தொழில்நுட்பத் துறை எல்லாம் கைகோத்து, பாரத் பயோடெக் தயாரித்து, 2015-இல் வெளிவந்தது. ஒரு டோஸ் ஒரு டாலர் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்து அப்படியே செய்தார்கள். முப்பது வருடம் பொறுத்தார்கள்.

ஜக்கூர்க்காரி

அந்த முப்பது வருடத்தில் எத்தனை ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் வந்து போயிருப்பார்கள் சார்?

பீண்யா இரண்டாம் ஸ்டேஜ்

சண்டைக்கு நடுவில் நல்ல கதை ஒன்று. நாங்கள் சின்ன கம்பெனி, இருபத்திரண்டு பேர். இந்தோ-ஜெர்மன் 2+2 திட்டம் தெரியும்தானே, அங்கிருந்து ஒரு ஆராய்ச்சி நிலையம் ஒரு கம்பெனி, இங்கிருந்தும் அதே மாதிரி. எங்களை ஏன் சேர்த்தார்கள் என்றால் விதிப்படி ஒரு கம்பெனி வேண்டும், நாங்கள் பக்கத்தில் இருந்தோம். கூட்டத்துக்குக் கூட்டம் எங்களுக்கு டீ கிடைக்கும், கேள்வி வராது.

நம் பேராசிரியர் கருவி டி.ஆர்.எல். 7 என்பார். ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு தயார் என்று சொல்ல நாசா வகுத்த ஒன்பது படி இருக்கிறதே, அதில் ஏழாவது. ஜெர்மன் அம்மா முகம் சுளிக்காமல் "நான்கு" என்பார். ஒருநாள் எங்கள் ஷெட்டிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று வந்தார்கள். மே மாதம், பிற்பகல். பக்கத்து பிரஸ் ஷாப்பில் பெரிய மோட்டாரைப் போட்டார்கள். வோல்டேஜ் 180-க்கு விழுந்தது. கருவி ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான், செத்தது. இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், காகிதத்தில். அந்த அம்மா மல்ட்டிமீட்டரைச் செருகிவிட்டு அரை மணிநேரம் அசையாமல் எண் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். வியர்வை சொட்டுகிறது, துடைக்கவில்லை. பிறகு எங்கள் ஃபோர்மேனிடம் நோட்டையும் பேனாவையும் நீட்டினார். "எந்தெந்த நேரத்தில் இப்படி விழும், எழுதிக் கொடுங்கள்." மறுநாள் காலையில் ஃபோர்மேன் கொடுத்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் அடுத்த ஒன்றரை வருட வேலை நடந்தது. பவர் சப்ளை பகுதியை நாங்கள் இப்போது தனியாகவே விற்கிறோம்.

அந்தப் பக்கம் இன்னும் எங்கள் ஆபீஸில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. கன்னடத்தில் எழுதியது, அதை அந்த அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன், பாதி தப்பாக.

யஷ்வந்த்பூர் வாசி

டி.டி.ஓ. சார் சொன்ன பிறகு கிளெய்ம் படித்தேன். ஆறாவது கிளெய்ம்: வெளியேறும் துளை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் குமிழ்கள் தங்காமல் போய்விடும் என்பது.

இப்போதுதான் நினைவு வந்தது. அண்ணன் பிறகு சரியாகப் போட்டுத் தந்த செல்லில் குமிழ் தேங்கி அளவு ஆடிக்கொண்டே இருந்தது. "சார், அந்தக் கோணல் பீஸ்தான் நல்லா வேலை செய்யுது" என்று கைடுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். ஒரு சிரிப்புப் படம் பதிலாக வந்தது. தேடினேன், தேதியோடு இருக்கிறது.

சனிக்கிழமை பீண்யா போனேன். அண்ணன் கைத்துணியில் கிரீஸைத் துடைத்துவிட்டு போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நம்ம ஓட்டைதான். அன்னிக்கு பிட்டு வழுக்கிடுச்சு" என்றார். பிரிட்டனில் இதைப் பதிந்திருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்த பீஸுக்கு உங்கிட்ட காசே வாங்கல தம்பி."