நைசார் ரேடார் தரவு நம் லயங்களுக்கு எப்படிப் பயன்படும்?

கொஸ்லந்தைப் பிள்ளை:
வணக்கம். கொஸ்லந்தைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவள், இப்போது பேராதனையில் புவியியல் படிக்கிறேன். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில் மலை சரிந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லியிருந்தும் சனம் அந்த லயங்களில்தான் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்தான்) இருந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

2025 ஜூலையில் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து நைசார் என்ற ரேடார் செயற்கைக்கோளை ஏவின. 12 நாளுக்கொரு முறை அதே இடத்துக்கு மேலே வருகிறது, தரவு எல்லாருக்கும் இலவசம். தேயிலை மலையின் அசைவை இதில் பார்க்கலாமா? ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் படங்களில் செடி மூடிய இடமெல்லாம் வெறும் இரைச்சலாகத்தான் வருகிறது. இன்னொன்று, எங்கள் லயங்களை, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் போடலாமா? அதனால் சனத்துக்குத் தொல்லை வராதே?

பண்டாரவளை ரேடார்:
ஓரளவு பார்க்கலாம் தங்கச்சி. சென்டினல்-1இன் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீற்றர், இலையில் பட்டே திரும்பிவிடும். நைசாரின் எல் அலைவரிசை சுமார் 24 சென்டிமீற்றர், இலையைத் தாண்டித் தரை வரை போகும். ஆனால் ரேடாருக்குத் தெரிவது தன்னை நோக்கியோ விலகியோ நடக்கும் அசைவு. வடக்கு தெற்காக நகர்வது அவ்வளவாகப் பிடிபடாது. ஹப்புத்தளைக்குக் கீழே தெற்குப் பார்த்த சரிவுகள்தானே அதிகம், அங்கே கவனமாகப் படிக்க வேண்டும். மெல்ல ஊரும் மலையைக் காட்டும், நிமிடத்தில் இடிந்து விழுவதைக் காட்டாது. அதற்கு மழைமானிதான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகள் இவை.

பூனாகலை வாத்தியார்:
மகள், இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். கட்டாயம் போடுங்கள்.

பேரிடர் என்றால் நாடுகள் செயற்கைக்கோள் படங்களை இலவசமாகக் கொடுத்து உதவ ஒரு சர்வதேச சாசனம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது இயங்குவது பெரும்பாலும் அனர்த்தம் நடந்த பிறகு. எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பவருக்குத் தெரிவது நீளமான ஒரு தகரக் கூரை. அது இருபது காம்பரா (அறை) லயமா, கைவிட்ட ஸ்டோரா, பகலெல்லாம் குழந்தைகள் இருக்கும் பிள்ளைக் காம்பராவா என்று அவருக்கு எப்படித் தெரியும்? இப்போது கணினியே படத்தைப் பார்த்துக் கட்டடங்களைக் கோடு போட்டுத் தருகிறது. அதற்கும் கூரைதான் தெரியும்.

இங்கே ஒருவர் போனில், "கோயில் லயத்துக்கு மேலே மண் வெடிச்சிருக்கு" என்றுதான் சொல்வார். மீட்புக்கு வருபவரின் வரைபடத்தில் கோயில் லயம் இல்லை. எங்கள் பக்கம் கடிதங்கூடத் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும், வீட்டுக்கென்று தனி விலாசம் கிடையாது. வெளிநாட்டுத் தரவு எவ்வளவு வந்தாலும் இந்த இடைவெளியை நாம்தான் நிரப்ப வேண்டும். தரவைப் பகிர்வது என்றால் அவர்கள் தருவதும் நாம் தருவதும் சேர்ந்ததுதான்.

லயத்தின் பெயர், எத்தனை காம்பரா, பிரட்டுக்களம் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்), குறுக்குப் பாதை, கான் (வடிகால்) எந்தப் பக்கம் ஓடுகிறது, இவ்வளவும் போடலாம். தூர்ந்துபோன கானைக் கட்டாயம் குறியுங்கள், மழைத் தண்ணீர் அங்கேதான் மலைக்குள் இறங்கும். குடும்பத்தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார், இவை வேண்டாம். அவை தோட்டத்து அனர்த்தக் குழுவிடம் தாளில் இருக்கட்டும். போடுவதற்கு முன் லயத்துச் சனத்தைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர்கள் சம்மதமில்லாமல் ஒரு கோடும் வேண்டாம்.

கொஸ்லந்தைப் பிள்ளை:
ரொம்ப நன்றி சேர். மேற்பிரிவிலிருந்து தொடங்குகிறேன். வரைபடத்தில் கானுக்கு எந்த டேக் (வகைக் குறிச்சொல்) போடுவது? பெயரைத் தமிழில் மட்டும் எழுதலாமா?

பண்டாரவளை ரேடார்:
கானுக்கு waterway=drain. தமிழ்ப் பெயருக்குத் தனி டேக் (name:ta) இருக்கிறது, சிங்களத்துக்கும் (name:si) இருக்கிறது. இரண்டையும் போடுங்கள், மீட்புக்கு வரும் ராணுவத்தாரும் வாசிக்க வேண்டுமே.