5 வயதுக் குழந்தைக்கு 14 மாதத்தில் 4 தடவை "பொன்னுக்கு வீங்கி": உண்மையில் இது என்ன?

தெற்குவாசல் (கேள்வி):

பையனுக்கு 5 வயது, எடை 18 கிலோ. 14 மாதத்தில் 4 தடவை இடது காதுமடலுக்குக் கீழேயும் முன்னாலும் வீங்கியிருக்கிறது. நான்கும் ஒரே மாதிரி. ராத்திரி படுக்கும்போது ஒன்றுமில்லை, காலையில் எழுந்தால் கன்னம் உப்பியிருக்கும். காய்ச்சல் 100 டிகிரியைச் சுற்றி, மெல்லும்போது வலி, 5 அல்லது 6 நாளில் வற்றிவிடும். இடையில் உள்ள மாதங்களில் எந்தத் தொந்தரவும் இல்லை.

எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி 2 டோஸ் போட்டாயிற்று. இருந்தும் 4 தடவையும் சீட்டில் பொன்னுக்கு வீங்கி என்றே எழுதினார்கள், 4 தடவையும் ஆன்டிபயாடிக் சிரப். வீட்டுப் பெரியவர்கள் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டார்கள். கடைசி வீக்கத்தின்போது எடுத்த அல்ட்ராசவுண்டில் இரண்டு பக்கப் பரோடிட் சுரப்பியிலும் (காதுக்கு முன்னாலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) 2 முதல் 3 மி.மீ. அளவில் நிறையக் கரும்புள்ளிகள், கல் இல்லை, சீழ்க்கட்டி இல்லை என்று வந்திருக்கிறது. வலப்பக்கம் இதுவரை வீங்கியதே இல்லை.

பொன்னுக்கு வீங்கி இப்படித் திரும்பத் திரும்ப வருமா? ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் தேவையா? வேறென்ன சோதனை பார்க்க வேண்டும்? ஊசி குத்திப் பார்க்கலாம், முடியாவிட்டால் சுரப்பியையே எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அந்த அளவுக்குப் போக வேண்டுமா?

இளந்தளிர்:

4 தடவை வந்தது பொன்னுக்கு வீங்கி அல்ல. அந்த வைரஸ் ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் எதிர்ப்பு நிலைத்துவிடும். இரண்டாவது முறை வருவது மிக அபூர்வம், நாலாவது முறைக்கு வழியே இல்லை. இன்ஃப்ளுயன்சா, பாராஇன்ஃப்ளுயன்சா, எப்ஸ்டீன்-பார் வைரஸ்களும் இதே சுரப்பியை வீங்க வைக்கும் என்பதால் ஒரு தடவையை அந்தக் கணக்கில் எழுதலாம். ஒரே பக்கம், சில மாத இடைவெளியில், தானாக வற்றுவது என்றால் அது குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப வரும் பரோடிட் அழற்சி. குழந்தைகளின் உமிழ்நீர்ச் சுரப்பி அழற்சிகளில் பொன்னுக்கு வீங்கிக்கு அடுத்தபடியாக அதிகம் காண்பது இதைத்தான். பொதுவாக 3 முதல் 6 வயதுக்குள் தொடங்கும், பையன்களுக்குக் கொஞ்சம் கூடுதல், பெரும்பாலானவர்களுக்குப் பருவ வயதை ஒட்டி நின்றுவிடும்.

உங்கள் ஸ்கேனே பாதி பதிலைச் சொல்லிவிட்டது. அந்தக் கரும்புள்ளிகள் சுரப்பிக்குள் இருக்கும் நுண்குழாய்கள் அங்கங்கே விரிந்து உமிழ்நீர் தேங்கிய இடங்கள். வீங்காத பக்கத்திலும் அதே புள்ளிகள் தெரிவது இந்த நோயில் சகஜம், பயப்பட வேண்டாம்.

ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. நடப்பது ஒரு சுழல். பரோடிட்டின் உமிழ்நீர் ஸ்டென்சன் குழாய் வழியாக மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உள்பக்கம் வந்து விழுகிறது. அந்தக் குழாய் குறுகியிருந்தாலோ, ஓட்டம் மந்தமானாலோ, உமிழ்நீர் கெட்டியாகித் தேங்கும். வாயிலிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகள் எதிர்நீச்சல் போட்டு உள்ளே ஏறும். அழற்சி வந்ததும் குழாயின் உட்சுவர் தடித்துச் சளி சுரக்கத் தொடங்கும், அதனால் ஓட்டம் இன்னும் குறையும். அடுத்த தடவைக்கு அடித்தளம் அங்கேயே போடப்படுகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுவதால்தான் வீக்கம் காலையில் கண்ணில் படுகிறது.

சோதனை என்று பார்த்தால், 2 அல்லது 3 தடவைக்கு மேல் வந்த எல்லாக் குழந்தைக்கும் ஒருமுறையாவது ரத்தத்தில் முழு அணு எண்ணிக்கை, ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதங்களின் அளவுகள், எச்.ஐ.வி., ஷோக்ரன் நோய்க்கான ஏஎன்ஏ, ஆன்டி-ரோ, ஆன்டி-லா பார்த்துவிடுவது நல்லது. எதிர்ப்புப் புரதக் குறைபாடும், உடலின் எதிர்ப்பாற்றல் தன் உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளையே தாக்கும் ஷோக்ரன் நோயும் இதே வேஷத்தில் வரும். பெண் குழந்தை, வயது 8க்கு மேல், இரண்டு பக்கமும் வீக்கம், கண் உறுத்தல், அளவுக்கு மீறிய சொத்தைப் பல் என்றால் ஷோக்ரனை விடாமல் தேட வேண்டும். முதல் தடவை ஆன்டி-ரோ நெகட்டிவ் வந்தாலும் ஒன்றிரண்டு வருடம் கழித்துத் திரும்பப் பார்ப்பது உண்டு. எச்.ஐ.வி.யில் வரும் வீக்கம் வேறு மாதிரி: இரண்டு பக்கமும், வலியில்லாமல், வற்றாமல் நிற்கும். ரத்தத்தில் அமைலேஸ் (உமிழ்நீரிலுள்ள ஒரு நொதி) பார்த்துப் பயனில்லை. பொன்னுக்கு வீங்கியிலும் கூடும், இதிலும் கூடும்.

ஊசி குத்திப் பார்ப்பது (எஃப்.என்.ஏ.சி.) இந்தப் பையனுக்கு வேண்டாம். வற்றாமல் நிற்கும் கடினக் கட்டி, கழுத்தில் வேறு நெறிக்கட்டிகள், காசநோய் சந்தேகம் இருந்தால்தான் அதற்கு வேலை.

உமிழ்நீர்ப்பாதை:

வீக்கம் வந்த நாளில் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை. குறிக்கோள் ஒன்றே: தேங்கியதை வெளியே ஓட வைப்பது.

வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை 10 நிமிடம் வையுங்கள். பிறகு இரண்டு விரலைக் காதுக்கு முன்னால், தாடை மூலைக்குச் சற்று மேலே வைத்து, கன்னத்தின் வழியே வாய் ஓரத்தை நோக்கி மெதுவாக வழித்துக்கொண்டு வாருங்கள். ஒரு தடவைக்கு 10 வழிப்பு, நாளைக்கு 4 அல்லது 5 தடவை. பலர் வட்டமாகத் தேய்க்கிறார்கள் அல்லது முன்னிருந்து பின்னாகத் தள்ளுகிறார்கள். பின்னால் தள்ளினால் அழுக்கு நீர் சுரப்பிக்குள்ளேயே திரும்பிப் போகும். வழிக்கும்போது வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், கடைவாய்க்கு எதிரே ஒரு சின்ன மேட்டின் நுனியில் நீர் வருவது தெரியும். தெளிவாகவோ, வெள்ளைத் திப்பி திப்பியாகவோ வந்தால் மசாஜைத் தொடரலாம். மஞ்சளாகச் சீழ் வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும், அந்தச் சீழையே கல்ச்சருக்கு (என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லலாம்.

18 கிலோவுக்கு ஒரு நாளைக்குத் தேவையான நீர் சுமார் 1400 மி.லி. இதில் பால், மோர், ரசம் எல்லாம் சேரும். வலியால் குழந்தை குடிக்காமல் இருப்பதுதான் வீக்கத்தை நீட்டிக்கும் முதல் காரணம்.

வலிக்குப் பாராசிட்டமால், ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி. உங்கள் பையனுக்கு 250 மி.கி./5 மி.லி. சிரப்பில் 5 மி.லி., 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் கூடாது. தவறு நடப்பது பாட்டிலில்: 120 மி.கி./5 மி.லி. என்றும் ஒரு சிரப் இருக்கிறது, இரண்டையும் "5 மி.லி." என்றே நினைவில் வைத்திருப்பார்கள். இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் கலந்த சிரப் கையில் இருந்தால் அதோடு தனிப் பாராசிட்டமால் சேர்க்காதீர்கள். காய்ச்சலின் காரணம் தெளிவாகாத டெங்கு சீசனில் இபுப்ரோஃபெனைத் தொடாமல் இருப்பதே புத்தி. ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடவே கூடாது.

சங்கிலி போடுவதால் கெடுதல் இல்லை, தூங்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். வேப்பிலை, மஞ்சள் பற்று போட்டு அது காய்ந்து இறுகினால் வழித்துவிட முடியாது, அதனால் அதைத் தவிர்க்கலாம்.

அடுக்குமல்லி:

எலுமிச்சை, புளிப்பு மிட்டாய் கொடுத்தால் உமிழ்நீர் ஊறி அடைப்பு போய்விடும் என்கிறார்களே, அதை விட்டுவிட்டீர்கள்.

உமிழ்நீர்ப்பாதை:

விடவில்லை, தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம் அது. வீக்கம் இறுகி வலி உச்சத்தில் இருக்கும் முதல் நாளில் புளிப்பு கொடுத்தால் சுரப்பி சுரக்கும், வெளியேற வழி இருக்காது, குழந்தை துடித்துவிடும். முதலில் ஒத்தடம், வழிப்பு. நீர் வரத் தொடங்கிய பிறகு எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு அல்லது ஒரு நெல்லிக்காய்த் துண்டு, அடுத்து மறுபடி வழிப்பு. வீக்கம் இல்லாத மாதங்களிலும் காலையில் எழுந்ததும் இதே வரிசையில் ஒருமுறை செய்தால் ராத்திரி தேங்கியது கழிந்துவிடும். புளிப்புக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும், அரை மணி நேரம் பல் துலக்கக் கூடாது, எனாமல் கரையும். சர்க்கரை மிட்டாய் நாள் முழுக்கச் சப்பினால் சொத்தைதான் மிச்சம். சர்க்கரையில்லாத சூயிங்கம் நல்லது, ஆனால் விழுங்காமல் மெல்லத் தெரிந்த வயதில்.

சளி சிரப்பில் உள்ள குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள் வாயை உலர்த்தும். ஒவ்வொரு சளிக்கும் அதைக் கொடுக்கும் வீட்டில் வீக்கம் அடிக்கடி வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

காதுமூக்கு:

ஆன்டிபயாடிக் பற்றி. குழாய் வாயில் சீழ், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மேல் தோல் சிவந்து பளபளப்பது, 48 மணி நேரத்தில் குறைவதற்குப் பதில் கூடுவது, இவற்றில் ஒன்று இருந்தால் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 7 நாள் நியாயம். எதுவும் இல்லையென்றால் தேவையில்லை. தானாக 5 நாளில் வற்றும் வீக்கத்துக்கு 5 நாள் சிரப் கொடுத்தால், சிரப்தான் குணமாக்கியது என்று தோன்றும். அடுத்த தடவை வராமல் தடுப்பதில் அதற்குப் பங்கில்லை.

சுரப்பியை எடுக்கும் பேச்சை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். பரோடிட்டுக்கு நடுவே முகநரம்பு கிளை பிரிந்து ஓடுகிறது. தானாகவே நிற்கப்போகும் நோய்க்கு அந்த ஆபத்தை எடுப்பது தகாது. அதற்கு முன்னால் சியாலெண்டோஸ்கோப்பி இருக்கிறது: 1 மி.மீ.யைச் சற்றுத் தாண்டிய தடிமனுள்ள கேமராவை, வாய்க்குள்ளிருக்கும் குழாய்த் துளையை மெல்ல விரித்து உள்ளே செலுத்துவது. வெளியே வெட்டு கிடையாது, குழந்தைகளுக்கு முழு மயக்கம் தேவை. இந்த நோயில் குழாயின் உட்சுவர் ரத்தநாளம் தெரியாமல் வெளுத்திருக்கும், அங்கங்கே சளிக்கட்டி ஒட்டியிருக்கும், சில இடம் சுருங்கியிருக்கும். சலைனால் கழுவி, சுருக்கத்தை விரித்து, முடிவில் ஹைட்ரோகார்டிசோன் போன்ற ஸ்டீராய்டை உள்ளே விட்டு வருவார்கள். ஒருமுறை செய்த பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்கு வீக்கம் நின்றுவிடுகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. கழுவிய நீரால் அன்று கன்னம் பெரிதாகத் தெரியும், ஓரிரு நாளில் வடியும். குழாய் கிழிவதும் பின்னர் சுருங்குவதும் இதன் ஆபத்துகள், கை பழகிய இடத்தில் குறைவு.

எப்போது செய்வது என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. என் கணக்கில் ஆண்டுக்கு 3 அல்லது அதற்கு மேல், பள்ளி கெடும் அளவுக்கு வலி என்றால் செய்யலாம். உங்கள் பையன் அந்த விளிம்பில் நிற்கிறான். 3 மாதம் மசாஜை ஒழுங்காகச் செய்து, தேதி, பக்கம், எத்தனை நாள், சீழ் உண்டா என்று குறித்து வைத்து முடிவெடுங்கள். வீக்கம் வற்றி 2, 3 வாரம் கழித்துச் செய்வதே வசதி. அழற்சி உச்சத்தில் குழாய்ச் சுவர் எளிதில் கிழியும்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, வாய் திறக்க முடியாமை, 3 வாரமாகியும் வற்றாத கட்டி: இவை இந்த நோயின் குணம் அல்ல. காத்திருக்காமல் காட்ட வேண்டும்.

கடைவாய்:

பெரியவர்களுக்கு இதே படத்தைப் பொருத்தக் கூடாது. சாப்பிட உட்கார்ந்ததும் வீங்கி ஒரு மணி நேரத்தில் வடிந்தால் கல் அல்லது குழாய்ச் சுருக்கம். பரோடிட் கற்களில் பல எக்ஸ்ரேயில் தெரியாது, அல்ட்ராசவுண்டோ சி.டி.யோ வேண்டும். தைராய்டு புற்றுக்கு அயோடின்-131 (கதிரியக்க அயோடின்) எடுத்தவர்கள், அமிட்ரிப்டிலின், ஆக்சிபியூட்டினின் போன்ற வாய் உலர்த்தும் மாத்திரை எடுப்பவர்கள், ஷோக்ரன் உள்ளவர்கள் தனிக் கூட்டம். நாதஸ்வரம், டிரம்பெட் ஊதுபவருக்கும், விளையாட்டாகக் கன்னத்தை உப்பவைக்கும் சிறுவருக்கும் குழாய்க்குள் காற்று ஏறி வீங்கும். அமுக்கினால் நறநறவென்று கேட்கும்.

தெற்குவாசல்:

நன்றி. ஒன்று மட்டும்: அடுத்த தடவை வீங்கினால் பள்ளிக்கு அனுப்பலாமா? 5 நாள் வரக்கூடாது என்கிறார்கள்.

இளந்தளிர்:

அந்த 5 நாள் பொன்னுக்கு வீங்கிக்கான விதி, வீக்கம் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவது. முதல் தடவை வீங்கும் எந்தக் குழந்தைக்கும் அதுவே சரி, ஏனென்றால் பார்த்து வேறுபடுத்த முடியாது. அரசு இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இருப்பது எம்.ஆர். ஊசி, அதில் பொன்னுக்கு வீங்கிக்கான பாகம் இல்லை. வகுப்பில் பல குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருக்காது. உங்கள் பையனின் நோய் தொற்றாது. காய்ச்சல் விட்டு, மெல்ல முடிந்தால் போகலாம். ஸ்கேன் அறிக்கையோடு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே கொடுத்துவையுங்கள். வகுப்பில் வேறு பிள்ளைக்கும் அதே வாரம் வீங்கியிருந்தால் மட்டும் கன்னத்தை அரை நிமிடம் வழித்துவிட்டு, குழாய் வாயருகே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, பொன்னுக்கு வீங்கி வைரஸ் இருக்கிறதா என்று பி.சி.ஆர். பார்க்கச் சொல்லுங்கள். வீங்கிய முதல் 3 நாளுக்குள் எடுத்தால்தான் நம்பலாம். தண்ணீர் பாட்டிலை மேசை மேலேயே வைக்க அனுமதி கேட்பதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.