மேய்ச்சல் ஆட்டை முழுசாக வாங்கிக் கூறு போட்டவர்கள், வாங்க பேசலாம்

கொங்குக்காரி, திருப்பூர்

எங்கள் தெருவில் ஆறு குடும்பம் சேர்ந்து ஆட்டை முழுசாக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கடையில் வரிசையில் நின்றால் எந்த ஆடு, எங்கே மேய்ந்தது, எதைத் தின்றது என்று ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் தின்கிற கறிக்கு அந்தக் கணக்கு எனக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் ஆரம்பித்தோம்.

வாங்குவது மூலனூர்ப் பக்கம் கொரங்காடு வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் மானாவாரி நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் அங்கங்கே வெள்வேல மரத்தையும் விட்டுவைப்பார்கள். காங்கேயம் மாடு வளர்ந்த காடு அது. செம்மறியும் அதில்தான் மேயும். புல் காய்ந்துபோன நாளிலும் வெள்வேல நெற்று உதிரும், ஆடு அதைப் பொறுக்கித் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும். பட்டியில் அடைத்துத் தீவனம் மட்டும் போட்டு வளர்த்த ஆட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் குழம்பு கொதிக்கும்போதே தெரியும். கொழுப்பு மேலே மிதக்காது, கறிக்கென்று ஒரு வாசம் இருக்கும்.

காசு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன முறை வாங்கியது மேச்சேரிச் செம்மறிக் கிடா, உயிர் எடை 26 கிலோ. கிலோ 400 என்று பேசி 10,400 ரூபாய். அறுத்து வெட்டிக் கொடுத்தவருக்கு 700. எலும்போடு கறி 12 கிலோ நின்றது. கணக்குப் போட்டால் கிலோ 925. கடை விலையிலிருந்து பெரிதாக இறங்கவில்லை. தலை, கால், குடல், ஈரல், ரத்தம் எல்லாம் அதே காசுக்குள் வந்தது, அதுதான் மிச்சம். மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்து யாரும் வர வேண்டாம். உயிர் எடையில் பாதிக்கு மேல் கறி நிற்கும் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். மேய்ச்சல் ஆட்டில் நூற்றுக்கு 45 நின்றாலே நல்ல ஆடு.

எடையைக் காலையில் மேயப் போகுமுன் போடச் சொல்லுங்கள். வயிறு முட்ட மேய்ந்து தண்ணீரும் குடித்துவிட்டு வந்த ஆட்டை எடை போட்டால், தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுப்போம்.

கரிசல் மண், கோவில்பட்டி

அக்கா, காலை எடை ரொம்பச் சரி. எங்க பக்கம் வெள்ளாடுதான். கன்னி ஆடு கறுப்பு, முகத்தில் ரெண்டு கோடு ஓடும். கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, சிவப்பாக இருந்தால் செங்கன்னி. கடற்கரைப் பக்கம் போனால் உயரமான கொடி ஆடு கிடைக்கும். எட்டயபுரத்தில் சனிக்கிழமை சந்தை. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தின வாரம் அங்கே போகாதீர்கள், விலை உச்சியில் நிற்கும்.

சந்தையில் வாங்குவதை விட, ஆட்டு மந்தை வைத்து மேய்க்கும் ஒரு கிடைக்காரரைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் ஒரு சம்பவம். விளாத்திகுளம் பக்கம் எங்களுக்குப் பழக்கமான ஒருவர் கிடையில் நல்ல குட்டி ஒன்றைக் கைகாட்டினேன். காது, முதுகு, நடை எல்லாம் நன்றாக இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டார். "அது வேண்டாம் தம்பி, புழு மருந்து ஊத்தி ஒரு வாரந்தான் ஆச்சு. உடம்புல மருந்து நிக்கும். பிள்ளைக திங்கிறது. அடுத்த மாசம் வந்து பிடிச்சிட்டுப் போங்க" என்றார். கையில் வந்த காசை வேண்டாம் என்று சொன்னவர் அவர். மருந்துப் புட்டியிலேயே இத்தனை நாள் கழித்துத்தான் கறிக்கு விடலாம் என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்துப் பார்த்து நடக்கிற ஆள் கிடைத்தால் விடாதீர்கள். சந்தையில் கைமாறி வந்த ஆட்டுக்கு இந்தக் கதையைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆட்டைப் பார்க்கிற முறையும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். கீழ்க்கண் இமையை இறக்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் வயிற்றில் புழு. வாலடி காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், ஒட்டிக்கிடந்தால் கழிச்சல். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினால் சதை தட்டுப்பட வேண்டும். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். இன்னும் பால் பல்லோடு இருப்பது வறுவலுக்கு, ரெண்டு பல் போட்டது, அதாவது ஒரு வயது தாண்டியது, குழம்புக்கு. காயடிக்காத முற்றின கிடாயில் முடை அடிக்கும், வீட்டுக்கு அது வேண்டாம்.

மழை பெய்து புதுப்புல் முளைத்த உடனே அவசரப்பட்டு வாங்காதீர்கள். இளம்புல்லை அளவில்லாமல் தின்றால் துள்ளுமாரி நோய் வரும், கிடைக்காரர்களே அந்த நேரத்தில் பயந்துகொண்டுதான் இருப்பார்கள். கார்த்திகை கழிந்து தை, மாசியில் பாருங்கள், ஆடு திரண்டு நிற்கும்.

வைகைக்கரை, மதுரை

எங்கள் ஊரில் கறிச் சீட்டு உண்டு. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வருவோம், தீபாவளிக்கு ஆடு வாங்கி அறுத்துக் கூறு போடுவார்கள். மொத்தமாக ஒரே நாளில் காசு புரட்ட முடியாத வீட்டுக்கும் அன்றைக்குக் கறி கிடைத்துவிடும். நகரத்தில் சேர்ந்து வாங்குகிறவர்களும் இதைச் செய்யலாம்.

கூறு போடுவதில் நியாயம் தவறினால் அடுத்த தடவை யாரும் சேர மாட்டார்கள். எங்கள் பெரியப்பா கூறு போடும்போது தொடை, சந்து, நெஞ்செலும்பு, கழுத்து என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி, எல்லாக் கூறிலும் எல்லாவற்றிலும் ஒரு துண்டு விழும்படி வைப்பார். ஈரலும் அப்படித்தான், சுண்டுவிரல் அளவு என்றாலும் எல்லாருக்கும் போகும். பிறகு ஆளுக்கொரு அடையாளம் கொடுப்போம், ஒருவர் வேப்பிலை, ஒருவர் கூழாங்கல். ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு அதையெல்லாம் கூறுகளின் மேல் வைக்கச் சொல்வார். எவர் அடையாளம் எந்தக் கூறின் மேல் விழுந்ததோ அது அவருக்கு. பெரியப்பா கடைசியில் மிஞ்சியதைத்தான் எடுப்பார்.

இப்போது அபார்ட்மெண்டில் செய்யும்போது வரும் சிக்கல் வேறு. "எனக்குத் தொடைக்கறி மட்டும் போதும்" என்று ஒரு வீடு சொல்லும். ஒரு ஆட்டுக்கு இருப்பது நாலு கால்தான். அவர்களுக்குக் கடையே வசதி என்று நான் மரியாதையாகச் சொல்லிவிடுவேன். குடல் சாப்பிடாத வீடு என்றால் அதைச் சாப்பிடுகிற வீட்டுக்குக் கொடுத்து, பதிலுக்கு எலும்பு வாங்கிக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

வலிகாமத்தான், யாழ்ப்பாணம்

எங்கட பக்கமும் இது இருக்குது. பங்கு இறைச்சி எண்டு சொல்லுவம். தீபாவளிக்கு அயலட்டைச் சனம் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி அடிச்சுப் பங்கு போடுறது. அப்பா பங்கைப் பனையோலையில சுத்திக் கொண்டு வருவார். பங்கு எண்டால் ரத்தமும் சேர்த்துத்தான். அம்மா அண்டைக்கே ரத்த வறை வறுப்பா, எலும்பு பின்னேரம் ரசத்துக்குப் போகும். வீட்டில வளர்த்து, வேலியில குழை ஒடிச்சுப் போட்டு வளத்த ஆடெண்டால் பங்குக்கு ஆக்கள் முந்தியே சொல்லி வைப்பினம்.

புது உறுப்பினர், தாம்பரம்

நாங்களும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு ஆடு வாங்கினோம். இளசு என்று பல்லைப் பார்த்துத்தான் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட் போட்டு ஃப்ரீசரில் வைத்தோம். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் கறி ரப்பர் மாதிரியே இருக்கிறது. ஆட்டில் குறையா? மிச்சக் கறியை என்ன செய்வது அக்கா?

கொங்குக்காரி, திருப்பூர்

ஆட்டில் குறை இருக்காது தம்பி. அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைக்கும், பிறகு மெதுவாகத் தளரும். விறைப்பு இளகுமுன் ஃப்ரீசரில் போட்டால் சதை சுருங்கி இறுகிவிடும். மேய்ச்சல் ஆட்டில் மேல் கொழுப்பு குறைவு, குளிர் சீக்கிரம் உள்ளே இறங்கும், அதனால் இது இன்னும் கடுமையாகத் தெரியும். அடுத்த முறை அறுத்த கையோடு சமைப்பதைச் சமைத்துவிடுங்கள். மீதியைக் கழுவாமல் மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் முழுக்க வைத்து, அதற்குப் பிறகு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நிற்க வேண்டும். ஒரு வேளைக்கு எவ்வளவோ அந்த அளவில் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியே தள்ளிக் கட்டுங்கள். ஒரு முறை இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. ஈரல், குடல் இரண்டையும் அன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.

இப்போது கையில் இருப்பதை முந்தின ராத்திரியே கீழ்த்தட்டில் இறக்கி வைத்து இளக விடுங்கள். தயிரும் இஞ்சியும் தடவி அரை நாள் ஊறட்டும். குக்கர் வேண்டாம், கனமான சட்டியில் மூடி போட்டுச் சிறு தீயில் ரெண்டு மணி நேரம் விடுங்கள், கறி மெத்தென்று ஆகிவிடும்.

ஃப்ரீசரில் இடம் போதாதவர்கள் எலும்பில்லாத கறியை நீளவாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் புரட்டி, நூலில் கோத்து வெயிலில் காயப்போட்டு உப்புக்கண்டம் ஆக்கிவிடலாம். மாசி, பங்குனி வெயில் அதற்குத் தோது. முழுக்கக் காயாமல் டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள், படக்கென்று ஒடிய வேண்டும்.