முதல் நாவல்: செம்மையாக்கம், பதிப்பு, விற்பனை குறித்து வழிகாட்டுங்கள்

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன்; கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்க்கும் பெண். வெண்ணாற்றுப் பாசனத்தில் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை நாவலாக எழுதி முடித்திருக்கிறேன். சிற்றிதழ்களில் சில சிறுகதைகள் வெளியானதைத் தவிர எனக்குப் பதிப்புலகத்தோடு வேறு பழக்கம் இல்லை. டெமி என்னும் புத்தக அளவில் ஏறத்தாழ 400 பக்கம் வரும் என்று கணினியில் பக்கம் கட்டுபவர் கணக்கிட்டுச் சொன்னார்.

கைப்பிரதியை இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதிலே வரவில்லை. மற்றொன்றிலிருந்து ஒரு வாரத்துக்குள்ளாகவே தொலைபேசியில் அழைத்து, நாவல் மிகச் சிறப்பாக வந்திருப்பதாகப் பாராட்டி, அச்சுச் செலவை மட்டும் நான் ஏற்றுக்கொண்டால் சென்னைப் புத்தகக் காட்சிக்கே கொண்டுவந்துவிடலாம் என்றார்கள். கேட்கும் தொகை என் நான்கு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. பணத்தைவிட என்னை உறுத்துவது வேறொன்று: அத்தனை நேரப் பேச்சில் நாவலின் ஒரு பாத்திரத்தைக்கூட அவர்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

அந்தப் பணத்துக்குக் கும்பகோணத்தில் நாமே அச்சடித்துக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். எது சரி? செம்மையாக்கம் என்பதை யாரிடம், எந்தக் கட்டத்தில் செய்துகொள்ள வேண்டும்? சென்னையில் இல்லாத ஒருவர் தன் நாவலை வாசகரிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் கடமைப்பட்டிருப்பேன்.

அரசலாறு எழுதியது:

அம்மா, வணக்கம். கும்பகோணத்தில் இருந்துகொண்டு நாவல் எழுதுகிறவன் நான். உங்களை உறுத்திய அந்த விஷயத்தையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். கைப்பிரதியைப் படித்த பதிப்பாளர் எதையாவது குறை சொல்வார். இரண்டாம் பகுதி தொய்கிறது என்பார், முடிவு அவசரமாக இருக்கிறது என்பார், தலைப்பை மாற்றச் சொல்வார். குறை ஏதும் சொல்லாமல் செலவுக் கணக்கை மட்டும் சொல்கிறவர், அச்சகத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும் தரகர். ஒரு நல்ல பதிப்பகம் தன் பணத்தைப் போட்டு, தன் பெயரைப் பணயம் வைத்து, விற்ற படிகளுக்கு எழுத்தாளருக்கு ராயல்டி தருகிறது. பணம் எழுத்தாளரிடமிருந்து பதிப்பகத்துக்குப் போகும் ஏற்பாட்டில், புத்தகத்தை விற்றுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் பதிப்பகத்துக்கு இல்லாமல் போகிறது. அச்சிட்ட அன்றே அவர்களுடைய லாபம் கைக்கு வந்துவிடுகிறது.

தமிழில் வழக்கமாகப் பேசப்படும் ராயல்டி விற்பனை விலையில் 10 சதவீதம். உங்கள் நாவலுக்கு 450 ரூபாய் விலை வைத்து 300 படிகள் விற்றால், உங்களுக்கு வரவேண்டியது 13,500 ரூபாய். மூன்று தலைமுறைக் கதைக்கு இது சிறிய தொகைதான். ஆனாலும் அது உங்களுக்கு வரவேண்டிய தொகை. நீங்கள் கொடுக்கவேண்டிய தொகை அன்று. முன்பு ஒரு பதிப்பு என்றால் 1,000, 1,200 படிகள் அடித்தார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்துவிட்டதால் 100 படிகள்கூட அடிக்கலாம். இதனால் பதிப்பாளருக்கு நட்டம் குறைந்தது உண்மை. அதே வேளையில், படிக்காமலேயே எதையும் புத்தகமாக்கிவிடும் வசதியும் பெருகிவிட்டது.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி நாவலைக் கொடுத்துவிட்டு, எத்தனை படிகள் விற்றன என்பதைத் தெரிந்துகொள்ளவே ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்தப் பதிப்பகத்தின் பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவில், எழுத்தாளருக்குப் பெரிய பாதுகாப்பைத் தந்திருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாமல் விட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, அந்த உரிமை காலாவதியாகிவிடும். ஆகவே ஒப்பந்தத்தில் காலம், ராயல்டி சதவீதம், ஆண்டில் எந்த மாதம் கணக்குத் தருவார்கள் என்பது, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் யாருக்கு என்பது எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். 'அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே' என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சொந்தமாக வெளியிடுவது இழிவே அன்று. புத்தகத்தின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் விண்ணப்பித்து இலவசமாகவே பெறலாம். அதற்கென்று எவராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். குறைந்த வருமானம் உள்ள எழுத்தாளர்கள் நூல் வெளியிடத் தமிழ் வளர்ச்சித் துறை நிதியுதவி அளிக்கிறது. அதன் வருமான வரம்பு உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். ஆனால் சொந்தப் பதிப்பில் கிடங்கு, தபால், கடை பாக்கி வசூல் அனைத்தும் உங்கள் தலையில் விழும். கடைக்காரருக்கு விலையில் 30 முதல் 40 சதவீதம் வரை கழிவு கொடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் அச்சுச் செலவை எடுக்க வேண்டும். பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணையை நம்பி முதல் போடாதீர்கள். அது எந்த ஆண்டில் வரும், எத்தனை படிகளுக்கு வரும் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

என் கருத்து இதுதான்: பணம் கேட்டவரை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைச் செம்மையாக்கத்துக்குச் செலவிடுங்கள். அதன்பிறகு வேறு பதிப்பகங்களுக்கு அனுப்புங்கள்.

மெய்ப்பு எழுதியது:

மயிலாடுதுறைக்காரன், பல ஆண்டுகளாகச் சென்னையில் கைப்பிரதிகளைச் செம்மையாக்கும் தொழில் செய்கிறேன். செம்மையாக்கம் என்றால் ஒற்றுப் பிழை பார்ப்பது என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். ஒற்றுப் பிழை பார்ப்பது மெய்ப்புத் திருத்துநரின் வேலை. பக்கம் கட்டிய பிறகு வருவது. அதற்கு வெகு முன்னால், கைப்பிரதி இன்னும் இளகிய நிலையில் இருக்கும்போதே, ஒருவர் முழுவதையும் படித்து, கதை எங்கே தொடங்க வேண்டும், எந்தப் பாத்திரம் காரணமின்றிக் காணாமல் போகிறது, எந்த அத்தியாயம் இல்லாவிட்டாலும் நாவல் நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் கேட்டால் இரண்டுமே கெடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கீழத்தஞ்சைப் பின்னணியில் எழுதப்பட்ட ஒரு நாவல் என்னிடம் வந்தது. பங்குனி மாதத்தில் ஒரு சிறுவன் கிளை வாய்க்காலில் நீந்தப் போய் இறந்துவிடுகிறான்; அந்தச் சாவின்மீதுதான் மொத்தக் கதையும் நிற்கிறது. நல்ல எழுத்து. படிக்கும்போது தொண்டை அடைத்தது. ஆனால் மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. பங்குனியில் கிளை வாய்க்காலில் முழங்கால் தண்ணீர் நிற்பதே அரிது. உளுந்து, பயறு எடுத்த வயல் வெடித்துக் கிடக்கும் காலம் அது. டெல்டாவில் பிறந்த வாசகர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சாவை ஐப்பசி அடைமழைக்கு மாற்றினார். மாற்றியதும், சம்பா நடவு முடிந்த வயல் நீரில் மூழ்கும் பதற்றமும் சிறுவனைத் தேடும் பதற்றமும் ஒரே இரவில் வந்து சேர்ந்தன. மாதத்தை மாற்றச் சொன்னது மட்டுமே என் வேலை. அந்த இரவை எழுதியது அவர்.

உங்கள் நாவல் குத்தகைக் குடும்பத்தைப் பற்றியது என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969இல் குத்தகை உரிமைப் பதிவுக்கான சட்டமும் வந்தன. ஒரு குடும்பத்தை நிலத்திலிருந்து வெளியேற்றும் காட்சி 1948இல் நடப்பதும் 1960இல் நடப்பதும் ஒன்றாகாது. பின்னதில் வழக்கு உண்டு, சட்டத்துக்குப் பயந்து குத்தகைக்காரரைக் குத்தகைச் சீட்டே இல்லாமல் வைத்திருக்கும் தந்திரமும் உண்டு. இவற்றை நாவலில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பாத்திரங்கள் அறிந்திருக்க வேண்டும்.

செம்மையாக்குநரைத் தேடும்போது முழுப் பிரதியையும் ஒப்படைத்துவிடாதீர்கள். இரண்டு அத்தியாயங்களைக் கொடுத்து, திருத்தித் தரச் சொல்லுங்கள். உங்கள் வாக்கியங்களை அவருடைய வாக்கியங்களாக மாற்றியிருந்தால் நன்றி சொல்லி விலகுங்கள். ஓரத்தில் கேள்விகளாக எழுதியிருந்தால் அவரையே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அச்சு. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். சில இடங்களில் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டுகிறார்கள். அந்த மாற்றத்தில் மேற்கோள் குறிகள் காணாமல் போகும், 'ஔ' என்ற ஒரே எழுத்து 'ஒ', 'ள' என இரண்டாகப் பிரிந்து நிற்கும், 'ஸ்ரீ' சிதையும். ஆகையால் கைப்பிரதியில் பிழை பார்த்தாகிவிட்டது என்று இருந்துவிடாமல், பக்கம் கட்டிய பிடிஎப்பைத் தாளில் எடுத்து, அளவுகோலை வரிக்கு அடியில் வைத்து, முழுவதையும் மீண்டும் படியுங்கள்.

பெரிய கோயில் வாசகர் எழுதியது:

தஞ்சாவூரில் நண்பர்களோடு வாசகர் வட்டம் ஒன்றை நடத்திவருகிறேன். சென்னையில் இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். நாவலாசிரியர் எம்.வி. வெங்கட்ராம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கும்பகோணத்தில் கழித்தவர். 1993இல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. எழுத்தாளர் தஞ்சை ப்ரகாஷ் தஞ்சாவூரிலேயே இருந்துகொண்டு எத்தனையோ இளைஞர்களை எழுதவும் படிக்கவும் வைத்தார்.

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, பொன்னாடை வாங்கி, பத்துப் பேரைப் பேச வைப்பதில் பணத்தைக் கரைக்காதீர்கள். பேசுகிறவர்களில் பலர் அன்று காலையில்தான் புத்தகத்தைப் புரட்டியிருப்பார்கள். அதற்குப் பதிலாக, நாவலை உண்மையில் படித்து முடித்த இருபது பேரை ஒரு பள்ளி வகுப்பறையில் கூட்டி, இரண்டு மணி நேரம் பேசவிடுங்கள். அவர்களே அடுத்த ஐம்பது வாசகரைக் கொண்டுவருவார்கள். கிளை நூலகங்களின் வாசகர் வட்டங்கள் இதற்கு இடம் தருகின்றன. கல்லூரித் தமிழ்த் துறைகளும் தருகின்றன.

காலத்தையும் பாருங்கள். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருவதால் பதிப்பகங்கள் எல்லாம் அந்த மாதத்திலேயே புத்தகங்களைக் கொட்டுகின்றன. முதல் நாவல் அந்த வெள்ளத்தில் எளிதாகக் காணாமல் போகும். நம் பக்கத்திலோ அது சம்பா அறுவடை நேரம். உங்கள் நாவலை முதலில் படிக்க வேண்டியவர்கள் அப்போது களத்தில் இருப்பார்கள். அறுவடை முடிந்து, நெல் போட்ட பணமும் கைக்கு வந்த பிறகு, பங்குனியிலோ சித்திரையிலோ கூட்டம் வைப்பது நல்லது. மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் இப்போது எல்லா மாவட்டங்களிலும் நடக்கின்றன. அரங்குகளில் நின்று கவனித்திருக்கிறேன்: வாசகர் அட்டையைப் பார்க்கிறார், பின்னட்டையைத் திருப்புகிறார், விலையைப் பார்க்கிறார், பிறகு முதல் பக்கத்தை நின்றபடியே படிக்கிறார். பின்னட்டையில் பிரமுகரின் வாழ்த்துரை இருந்தால் அவர் கண் அதில் நிற்பதில்லை. கதையிலிருந்தே ஒரு பத்தி இருந்தால் நிற்கிறது.

முன்பதிவுத் திட்டத்தையும் யோசியுங்கள். உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்காக நூலை வாங்கிக்கொள்வதாக அன்பர்களிடம் கையொப்பம் வாங்கித்தான் அச்சு வேலையை நடத்தினார். நூறு பேர் முன்பணம் கட்டினால் அச்சுச் செலவில் பெரும்பகுதி வந்துவிடும். பதிப்பாளருக்கும் உங்கள்மீது நம்பிக்கை பிறக்கும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பணம் கேட்டவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு சந்தேகங்கள் உள்ளன. உரையாடல்கள் முழுவதும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே இருக்கின்றன. பாத்திரங்களின் சாதியும் நிலையும் அவர்கள் பேச்சிலேயே தெரியும். பொதுவான தமிழுக்கு மாற்றினால்தான் மற்ற மாவட்டத்தார் படிப்பார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். மற்றொன்று, பதிப்பகம் கிடைக்கும்வரை அமேசான் கிண்டிலில் மின்னூலாக வெளியிட்டு வைக்கலாமா?

மெய்ப்பு எழுதியது:

உரையாடலை மாற்றாதீர்கள். பண்ணை வீட்டுத் திண்ணையில் ஒலிக்கும் பேச்சும் தெருக்கோடியில் ஒலிக்கும் பேச்சும் ஒன்றாகிவிட்டால், மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் எதை எதிர்த்து நின்றது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும். நண்பரின் கவலைக்கு வேறு வழி உண்டு: கதைசொல்லியின் நடையைத் தெளிவாகவும் சீராகவும் வைத்துக்கொள்ளுங்கள். மா, வேலி, கலம், மரக்கால் என்று வரும் இடங்களில் அடிக்குறிப்புப் போடாமல் காட்சியிலேயே அளவு புரியும்படி எழுதுங்கள். மூன்று மா நிலம் ஓர் ஏக்கர் என்பது, அந்தக் குடும்பம் எத்தனை கட்டு நாற்றுக்கு அல்லாடுகிறது என்பதிலேயே தெரிந்துவிடும்.

அரசலாறு எழுதியது:

கிண்டிலைப் பற்றி: இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லையேல் 35 சதவீதம்தான். சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது. அந்தக் காலம் முடிந்ததும் தானாகவே நீளும்படியும் அமைப்பு இருக்கும். அச்சுப் பதிப்புக்கு இதனால் சட்டத் தடை ஏதும் இல்லை. ஆனால் மின்னூல் உரிமையையும் சேர்த்துக் கேட்கும் பதிப்பாளரோடு பேசும்போது இது இடறும். இன்னொரு காரணமும் இருக்கிறது. செம்மையாக்கம் முடியாத பிரதி ஒருமுறை வாசகர் கைக்குப் போய்விட்டால், அதைப் படித்தவர் திருத்திய பதிப்பைத் தேடி வரமாட்டார். முதலில் அந்த இரண்டு அத்தியாயங்களை ஒரு செம்மையாக்குநருக்கு அனுப்புங்கள். ஒப்பந்தம் கைக்கு வரும்போது, கையெழுத்திடும் முன் இங்கே விவரம் எழுதுங்கள். வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.