நம்ம வீட்டுக் கூட்டம்: வளைகாப்புக்கு மாடிப் பந்தலா?

ஞாயிறு, ஏப்ரல் கடைசி வாரம்

பெரியப்பா 6:48
(பலமுறை பகிரப்பட்டது)
⚠️ எச்சரிக்கை! அடுத்த 20 நாளைக்கு 55 டிகிரி வெயில்! வண்டியில் பெட்ரோல் முழுதாக நிரப்பாதீர்கள். பாம்பு, தேள் வீட்டுக்குள் வரும். உடனே 10 பேருக்கு அனுப்புங்கள்!!

அம்மா 6:52
ஐயோ! வளைகாப்பு மே மூன்றாவது ஞாயிறு. மாடிப் பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றே.

நான் 6:55
பெரியப்பா, ராஜஸ்தான் பலோடியில் 2016 மே மாதம் அடித்ததே 51தான். அதுதான் நாட்டிலேயே அதிகம். திருவான்மியூரில் 55 எப்படி வரும்?

பெரியப்பா 6:58
எனக்கு வந்தது, அனுப்பினேன். ஆனால் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45. அது பொய்யில்லை. பாரிமுனையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தேன். சீட்டில் ஈரத் துண்டைப் போட்டு உட்கார்ந்தேன், சைதாப்பேட்டை வருவதற்குள் துண்டு காய்ந்து அப்பளம்.

வேலூர் அத்தை 7:10
உங்கள் ஊரில் 37, 38. அதற்கு இவ்வளவு புலம்பலா? இங்கே 41ல் நான் மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருக்கிறேன் 😄

அக்கா 7:14
அத்தை, ஒரு மே மாதம் இங்கே இருந்து பாருங்கள். நேற்று காலை பால்கனிக் கொடியில் போட்ட துண்டு ராத்திரி வரை காயவில்லை. உப்பு ஜாடி அடியில் தண்ணீர் விட்டு நிற்கிறது. போன வருடம் நீங்கள் கொடுத்தனுப்பிய வடாம் நான்கே நாளில் நமுத்துப் போயிற்று.

வேலூர் அத்தை 7:15
டப்பாவைச் சரியாக மூடியிருக்க மாட்டாய்.

அக்கா 7:15
🙄

நான் 7:21
அத்தை, துண்டுக்கு நடப்பதுதான் உடம்புக்கும் நடக்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வேலூரில் காற்று வறண்டது, வியர்த்ததும் காய்ந்துவிடும். இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, வியர்வை வழிகிறதே தவிர காய்வதில்லை. 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு ஏறக்குறைய 45 போலத் தெரியும்.

பெரியப்பா 7:24
அப்படியானால் வானிலை மையம் இந்த வருடம் என்ன சொல்கிறதாம்? அதைச் சொல்லு.

நான் 7:30
கோடை முன்னோட்டத்தில் அவர்கள் சொல்வது வாய்ப்பு மட்டும்தான். "வழக்கத்தைவிட வெப்பம் கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம்" என்று மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சொல்வார்கள். நம் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு என்று அதில் இருக்காது. அதற்கு நான்கைந்து நாள் முன்னால் பார்த்தால் போதும். வெப்ப அலைக் கணக்கும் ஊருக்கு ஊர் வேறு. சமவெளிக்கு 40 தாண்ட வேண்டும், கடற்கரைக்கு 37. கூடவே வழக்கத்தைவிட 4.5 டிகிரி ஏறியிருக்க வேண்டும்.

வேலூர் அத்தை 7:32
பார்த்தீர்களா, உங்களுக்குச் சலுகை வேறு!

நான் 7:34
சலுகை எங்கே? மே மாதம் இங்கே வழக்கமே 37ஐ ஒட்டி. 41க்கு மேல் போனால்தான் வெப்ப அலை என்ற பேரே வரும். 38ல் வெந்தால் கணக்கில் வராது.

அம்மா 7:40
சரி, காலை ஏழரைக்கே வைத்துவிடலாமா? வெயில் ஏறுவதற்குள் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

நாகை மாமா 7:52
அக்கா, அந்தத் தப்பை மட்டும் செய்யாதே. ஏழரை என்றால் ஆள் வந்து சேர ஒன்பது, வளையல் அடுக்கி முடிக்கப் பத்து, பந்தி உட்காரப் பதினொன்று. கரையோரத்தில் புழுங்குவதே அந்த நேரம்தான். ஓர் இலை அசையாது. கடற்காற்று நுழைந்த பிறகுதான் மூச்சு விட முடியும்.

அம்மா 7:54
அது எப்போது வரும் தம்பி?

நாகை மாமா 8:01
மதியத்தை ஒட்டி. தரை சுட்டு அனல் மேலே போக, கடல் பக்கத்துக் காற்று உள்ளே வரும். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக இருந்தால் அது கடற்காற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். அப்படிப்பட்ட நாளில்தான் உங்கள் ஊரில் நாற்பதைத் தாண்டுகிறது. இங்கே ஏப்ரல் 15லிருந்து தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில். வேறு வேலை என்ன, தினமும் காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பா 8:05
நடுவில் ஒரு புயல் வந்தால் குளிர்ந்துவிடாதா?

நாகை மாமா 8:09
2019ல் ஃபானி வருகிறது, வருகிறது என்றார்களே, மறந்துவிட்டதா? ஒடிசாவுக்குப் போய்ப் பூரி பக்கம் மே 3 அன்று கரையேறியது. உங்களுக்குக் கிடைத்தது வெயில்தான்.

அம்மா 8:10
அந்த வருடத்தைப் பேசாதே தம்பி. தண்ணீர் லாரிக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் குடம் வைத்தோம்.

நான் 8:16
அப்படியானால் மதியம் மூன்று மணிக்கு வைக்கலாம். பெரியப்பா, நேரம் பார்த்துச் சொல்லுங்கள்.

பெரியப்பா 8:31
ஞாயிறு 4:30 முதல் 6 வரை ராகு காலம். 12 முதல் 1:30 வரை எமகண்டம். 3 முதல் 4:30 வரை குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். நல்லதுதான்.

அக்கா 8:32
திரும்பத் திரும்பவா?! முதலில் இது நல்லபடியாகப் பிறக்கட்டும் பெரியப்பா 🙏

வேலூர் அத்தை 8:33
😂😂😂

அம்மா 8:38
சரி, 3:15. ஆனால் மாடி வேண்டாம். ஏழாம் மாதத்துப் பெண்ணைப் பட்டுப் புடவையோடு தகரப் பந்தலுக்குக் கீழே உட்கார வைக்க என் மனம் கேட்கவில்லை. கீழே கூடத்தில் மனை போடலாம், கிழக்கு ஜன்னல் இரண்டையும் திறந்து. பந்தல்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அக்கா 8:40
அம்மா ❤️ பட்டுப் புடவை அரை மணி நேரம்தான். அப்புறம் நான் காட்டன்.

நான் 8:44
பெரியவர்கள் யாருக்காவது தலை சுற்றினால் காபி கொடுத்து உட்கார வைக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒரு பாட்டில் கலந்து வைக்கிறேன். பேச்சு குழறி உடம்பு கொதித்தால் பாட்டிலோடு நிற்கக்கூடாது, ஈரத் துணி சுற்றி விசிறிக்கொண்டே 108க்குக் கூப்பிட வேண்டும்.

பெரியப்பா 8:46
பெரியவர்கள் என்று என்னைத்தானே சொல்கிறாய்?

நான் 8:46
😇

அம்மா 8:50
எலுமிச்சை சாதம், தயிர் சாதம், நீர்மோர். எண்ணெய்ப் பலகாரம் ஒன்றே ஒன்று. நுங்கு யார் கொண்டுவருவது?

நாகை மாமா 8:53
நான். எத்தனை பேர்?

அம்மா 8:54
அறுபது.

நாகை மாமா 8:55
அப்படியானால் இருநூறு. இளசாக வெட்டச் சொல்கிறேன், முற்றினால் பல்லுக்கு வேலை.

வேலூர் அத்தை 9:20
(படம்)
பாருங்கள், நேற்றுப் பிழிந்தது இன்றைக்கே கலகலவென்று காய்ந்துவிட்டது. எவர்சில்வர் தூக்கில் போட்டு, வாயைத் துணியால் கட்டிக் கொண்டுவருகிறேன். நமுத்துப் போயிற்று என்று யாரும் பேசக்கூடாது.

அக்கா 9:22
வந்த அன்றே பொரித்துவிடுவோம் அத்தை. மிச்சம் வைத்தால்தானே நமுக்கும்.