ஆர்க்கிடெக்ட் வெச்சு வீடு, கடை, குடோன் கட்டினவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

உடுமலைக்காரன்

பூளவாடிப் பக்கம் தோட்டத்துல வீடு கட்டிக் குடி போயாச்சுங்க. எஸ்டிமேட், வாஸ்து எல்லாம் இங்க பேசித் தீர்த்த கதை. எனக்கு ஒரு சன்னல்தான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்குது.

ஆசாரத்துக்கு, அதான் ஹாலுக்கு, மேக்காலச் செவுத்துல ஆறடி சன்னல் போட்டிருந்தாங்க ஆர்க்கிடெக்ட் அம்மணி. மேஸ்திரி எங்கப்பன் காலத்துல இருந்து எங்க வேலையைப் பார்க்கறவர். "ஆடி மாசம் மேகாத்து அடிச்சா வட்டல்ல சோறு இருக்காது, மண்ணுத்தான் இருக்கும்"னு சொல்லி, அந்த எடத்துல சன்னலுக்கு மேல தாங்கற லிண்டல் மட்டம் வரைக்கும் கல்லை வெச்சுக் கட்டிட்டார்.

அம்மணி சைட்டுக்கு வந்தாங்க. அந்தச் செவுத்து முன்னால நின்னாங்க. மேஸ்திரியை ஒண்ணும் சொல்லலை. சிமெண்ட் மூட்டை மேல கெடந்த டிராயிங் சுருளை எடுத்தாங்க. அவங்க போட்டுக் குடுத்த ரப்பர் பேண்டு கழட்டாம அப்படியே இருந்துச்சு. அதைக் கழட்டி மூணாவது தாளை விரிச்சு, "இதுக்கு வெளிய அஞ்சடி வராந்தாவும் ஓட்டை ஓட்டையா விட்ட ஜாலிச் செவுரும் இருக்குதுங்ண்ணா. காத்து அதுல மோதி வேகம் கொறஞ்சுதான் உள்ள வரும்"னாங்க. மேஸ்திரி "எனக்கு நூலும் குண்டும் போதுமுங்க, காகிதம் வேண்டாம்"னார். சொல்லிட்டு ரெண்டு பேரும் என்னையப் பார்க்கறாங்க.

அந்த எடத்துல நீங்க இருந்தா என்னங்க சொல்லியிருப்பீங்க? சன்னல் இருக்க வேண்டிய எடம் இன்னைக்கும் செவுராத்தான் இருக்குது. சாயந்தரமானா ஆசாரத்துல புழுங்குது.

பல்லடம் தறி

மேஸ்திரி பண்ணதுதான் சரிங்க. பாலக்காட்டுக் கணவாய்ல வர்ற காத்துக்குத்தானே உங்க பூளவாடி, குடிமங்கலம் பூராவும் காத்தாலையா நட்டு வெச்சிருக்கான்? அதுக்கு எதிர்ல சன்னல் வெக்கறதெல்லாம் புஸ்தகப் படிப்பு.

ஆனா நான் பார்த்த ஆளு வேற மாதிரி. எங்க தறிக்குடோனை ஒட்டி ஆபீசும் மேல வீடும் கட்டறதுக்குக் கூப்பிட்டிருந்தோம். வந்தவரு டீ கூடக் குடிக்கலை. தறி ஓடறப்ப உள்ள போயி, செவுத்துல உள்ளங்கையை வெச்சுட்டு அப்படியே நின்னார். பாவு மாத்தறதை உக்காந்து பார்த்தார். தறிக்காரப் பசங்க சிரிக்கறாங்க. அப்பறம் எங்கிட்ட வந்து, "புதுக் கட்டடத்தை இதோட சேர்த்துக் கட்டாதீங்க, கடைக்கால்ல இருந்தே பிரிச்சுக்கலாம். இல்லீன்னா நீங்க தூங்கற கட்டில் வரைக்கும் இந்த அதிர்வு வரும்"னார். அத்தனை வருசம் அந்தச் செவுத்தை நானும் தொட்டிருக்கேன், அப்படித் தொட்டதில்லை.

ஈரோடு சிவில்

பல்லடத்தாருக்கு ஒரு வார்த்தை. காத்து வர்ற பக்கம் சன்னலே வெக்காட்டி வீட்டுக்குள்ள காத்து எதுல வரும்? வராந்தா, ஜாலி வெச்சு வேகத்தைக் கொறைக்கறது பழைய தொட்டிக்கட்டு வீட்டுலயே இருந்த யோசனைதான். அம்மணி சொன்னது சரி. டிராயிங்கை மேஸ்திரி கையில குடுத்துட்டு வந்தா போதாது, கூட நின்னு விளக்கியிருக்கணும். அது யாரோட வேலைன்னு மொதல்லயே எழுதிக்கோணும்.

என் கதை சின்னது. ஒருத்தர் செல்போன்ல ஒரு 3டி படத்தைக் காட்டி, "இதே மாதிரி கட்டிக் குடுங்க, ஆர்க்கிடெக்ட் போட்டது"ன்னார். எதிர்த்தாப்புல கடல் தெரியற வீடு. அவரு மனை பெருந்துறை ரோட்டுல, சைஸிங் மில்லைப் பார்த்துட்டு. படத்துக்குப் பணமும் குடுத்துட்டாராம்.

அதனால சொல்றேன், கேட்டுக்கங்க. 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சில்ல பதிஞ்சவங்கதான் ஆர்க்கிடெக்ட்னு பேரு போட்டுக்கலாம். பதிவெண் சி.ஏ.ன்னு ஆரம்பிச்சு, பதிஞ்ச வருசமும் நம்பரும் வரும். கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க. பதியாதவங்க வீட்டுக்குப் படம் போடறதுக்குத் தடையில்லை, அந்தப் பேரைப் போட்டுக்கத்தான் தடை. 2020-ல உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொல்லுச்சு. நான் எஞ்சினியர், நானும் படம் போடறேன், ஆனா போர்டுல ஆர்க்கிடெக்ட்னு எழுத மாட்டேன்.

அடுத்து, சைட்டுக்கு அப்பப்ப வந்து பார்க்கறதுதான் ஆர்க்கிடெக்ட் வேலைல சேரும். தெனமும் நின்னு பார்க்க சூப்பர்வைசரை நீங்கதான் போடோணும். இது தெரியாமத்தான் பாதிச் சண்டை. பீஸை மொத்தமாக் குடுக்காதீங்க. பிளான் முடிஞ்சா இவ்வளவு, அப்ரூவல் ஆனா இவ்வளவு, வேலை டிராயிங் வந்தா இவ்வளவுன்னு படிப்படியாப் பிரிச்சு எழுதிக்கங்க. ஜி.எஸ்.டி. பதிஞ்சவரா இருந்தா பீஸ் மேல 18 சதவீதம் தனி, கடைசில கேட்டு அதிர்ச்சியாகாதீங்க. கம்பிக்கட்டு டிராயிங்கை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் போடோணும், அந்தக் கூலி இதுல சேர்த்தியா இல்லையான்னு கேளுங்க. கருமண் விழற எடமா இருந்தா மண்ணு டெஸ்ட் கண்டிப்பா வேணும். மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கற மண்ணு அது, செவுத்துல வெடிப்பு விட்டப்பறம் மேஸ்திரியைத் திட்டிப் பிரயோசனமில்லை. 2,500 சதுரடிக்குள்ள மனை, 3,500 சதுரடிக்குள்ள வீடுன்னா 2024-ல இருந்து சுயசான்று முறைல ஆன்லைன்லயே அனுமதி கெடைக்குது. அதுக்காக வீட்டைச் சுத்தி விட வேண்டிய காலி எடத்தை, அதான் செட்பேக்கை, விடாமக் கட்டலாம்னு அர்த்தமில்லை.

சரவணம்பட்டி அக்கா

எஞ்சினியர் தம்பி, நம்பர் எல்லாம் இருந்த ஆளுகிட்டத்தான் நாங்க போனோம். ஏசி ஆபீஸ். கேள்வி பூராவும் எங்க வீட்டுக்காரர்கிட்டயே. எங்க மாமியார் கடைசியா, "ஆட்டுக்கல்லு எங்க கண்ணு வெக்கறது?"ன்னு கேட்டாங்க. அவரு சிரிச்சுட்டார். "கிரைண்டர் ஊர்லயே இருந்துட்டு ஆட்டுக்கல்லுங்களா"ன்னார். மாமியாரும் கூடச் சேர்ந்து சிரிச்சாங்க, அதுதான் எனக்கு இன்னும் தாங்கலை. அவங்களுக்கு அதுல மாவாட்டறதுக்கில்லீங்க. அது அவங்க சீர்ல வந்த கல்லு.

வீடு அழகாத்தான் இருக்குது, இல்லைன்னு சொல்லலை. கல்லு மாடிப்படிக்கு அடியில கெடக்குது, அது மேல செருப்பு ஸ்டாண்டு.

கரூர் ஜவுளி

எங்கய்யன் மனையடி சாஸ்திரத்தோட சண்டைக்குத் தயாராத்தான் போனார். பிளான்ல பன்னெண்டடி ரூம் ஒண்ணு இருந்துச்சு. அதுல வெரலை வெச்சு, "இது ஆகாதுங்க"ன்னார். அந்தப் பையன் கொஞ்சம் கூட முகத்தைச் சுளிக்காம, "நீங்க பார்க்கறது உள்கூடா வெளிக்கூடாங்கய்யா?"ன்னான். எங்கய்யன் என்னைப் பார்க்கறார். "உள்கூடு"ன்னார். "அப்படின்னா பதினொண்ணாக்கிட்டு, மீதி ஒரு அடில செவுத்தோட அலமாரி வெச்சுரலாங்கய்யா"ன்னான். திரும்பி வர்ற வழி பூராவும் எங்கய்யன் பேசவேயில்லை. சண்டை போடாம வந்த வருத்தம்னு நெனைக்கிறேன்.

திருப்பூர் காஜா பட்டன்

ஈரோட்டுக்காரர் பாடம் நடத்தற எடமா இது? அனுபவம் கேட்டாங்க.

எங்க மச்சான் கடைக் காம்ப்ளக்ஸ் கட்டினார். ஆர்க்கிடெக்ட் ஒரு பெரியவர். அப்ரூவல்ல இருக்கறது மூணு தளம். மச்சானுக்கு நாலாவதா ஒண்ணு வேணும், பார்க்கிங் எடத்துலயும் ரெண்டு கடை வேணும். "எல்லாரும் பண்றதுதானுங்க"ன்னார். பெரியவர் டிராயரைத் திறந்தார். மச்சான் குடுத்த அட்வான்ஸ் செக்கு, பேங்குல போடாம அதுலயே இருந்துச்சு. எடுத்து மேசைல வெச்சு, எங்க பக்கமாத் தள்ளி, "காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னார். நாங்களும் காப்பியைக் குடிச்சுட்டுத்தான் வந்தோம்.

வேற ஆளை வெச்சு ஆசைப்பட்ட மாதிரியே கட்டி முடிச்சாச்சு. வணிகக் கட்டடம், முடிவுச் சான்று இல்லாம கரெண்டு கனெக்சன் குடுக்க மாட்டேங்கறாங்க. கட்டினது பிளானோட ஒத்து வந்தாத்தானே சான்று? வாடகைக்குப் பேசி வெச்ச ஆளு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுட்டிருக்கார். மச்சான் இன்னைக்கும் அந்தப் பெரியவரைத்தான் திட்டறார்.

ஈரோடு சிவில்

பாடம்னு சொன்னீங்க, கடைசில நான் சொன்னதேதானுங்க உங்க கதையும். செட்பேக், பார்க்கிங் எல்லாம் 2019 கட்டட விதியில தெளிவா இருக்குது. அந்த ரெண்டு கடையை இடிச்சு, பார்க்கிங்கை மொதல்ல காலி பண்ணச் சொல்லுங்க. அப்பறம் நாலாவது தளத்துக்கு…

திருப்பூர் காஜா பட்டன்

சாமி, போதுமுங்க.

பல்லடம் தறி

உடுமலையாரே, அந்த வராந்தாவும் ஜாலியுமாச்சும் கட்டினீங்களா இல்லையா? அதைச் சொல்லவேயில்லை.

உடுமலைக்காரன்

கட்டிட்டேனுங்க. சாயந்தரம் எங்கம்மா அங்கதான் உக்காந்திருக்காங்க. போன ஆடியில உக்காந்து பார்த்தேன், மேகாத்து ஜாலி வழியா வருது, மண்ணு அவ்வளவா வர்றதில்லை. அதனாலதான் இந்தச் செவுத்தைப் பார்க்கறப்பெல்லாம் எரிச்சல். மேஸ்திரிகிட்டச் சொன்னேன். "இந்த வருசம் காத்துக் கம்மிங்க"ன்னுட்டார்.

சரவணம்பட்டி அக்கா

ஒடைச்சு சன்னல் வெச்சுருங்க தம்பி. லிண்டல் இருக்குதில்ல.

புதுசு பொள்ளாச்சி

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நாங்களும் வீடு கட்டப் போறோம். உடுமலை அண்ணா, அந்த அம்மணி போட்ட டிராயிங்கைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுங்களா? எங்க மேஸ்திரிகிட்டக் குடுத்துக்கறோம்.

ஈரோடு சிவில்

அப்படிக் குடுக்கக் கூடாதுங்க. படத்தோட உரிமை போட்டவங்களுது, பதிப்புரிமைச் சட்டத்துலயே வருது. அதுவுமில்லாம அந்த மனைக்குப் போட்டது உங்க மனைக்கு ஒத்து வராது.

உடுமலைக்காரன்

அவங்ககிட்டயே போன் பண்ணிக் கேட்டுட்டேனுங்க. "மனை எந்தத் தெசை பார்த்திருக்குது, கெணறு எங்க இருக்குது, வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா"ன்னு கேக்கறாங்க.

புதுசு பொள்ளாச்சி

தெக்க பார்த்த மனைங்ண்ணா. கெணறு வடகெழக்கால. அம்முச்சி இருக்காங்க, படி ஏற மாட்டாங்க.