டவுன் (Downe) கிராமத்தில் டார்வின் வீட்டைத் தவிர என்ன இருக்கிறது?

செந்தாமரை:
வணக்கம். லண்டனின் புரோம்லிக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. வரும் சனிக்கிழமை மகளை டவுன் கிராமத்துக்குக் கூட்டிப்போகிறேன். பத்து வயதுப் பிள்ளை. அங்கே டார்வின் வாழ்ந்த வீடு இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாமா, ஊருக்குள்ளும் பார்க்க ஏதாவது உண்டா?

பழைய நடைக்காரன்:
உடனே திரும்பிவிடாதீர்கள் தங்கச்சி. பதினோரு வருடமாக நான் அடிக்கடி போய்வரும் ஊர் அது.

புரோம்லி நார்த்தில் 146ஆம் நம்பர் பஸ் ஏறினால் கடைசி நிறுத்தமே தேவாலயத்தடிதான். வீட்டுக்குப் போகுமுன் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். கோபுரச் சுவரில் டார்வின் நினைவாக ஒரு சூரியக் கடிகாரம் இருக்கும். இந்த ஊரில் 40 ஆண்டு வாழ்ந்தார் என்றும், அடக்கமாகியிருப்பது லண்டனில் உள்ள பெரிய தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் என்றும் அதில் எழுதியிருக்கும். அந்தக் கடைசி வரியின் கதையை மகளுக்கு அங்கேயே சொல்லுங்கள்.

1842இல் டார்வின் இங்கே வந்தபோது, பக்கத்து ஹை எல்ம்ஸ் மாளிகையில் ஜான் லப்பக் என்று எட்டு வயதுப் பையன் இருந்தான். பெரிய சேதி ஒன்று இருக்கிறது என்று அப்பா சொன்னதும், தனக்கு மட்டக்குதிரை வருகிறது என்று துள்ளினானாம். சேதி, டார்வின் குடிவருகிறார் என்பது. பிள்ளைக்கு ஒரே ஏமாற்றம். அப்புறம் டார்வின் சொல்லித்தான் அப்பா அவனுக்கு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன் வளர்ந்து வங்கி நடத்தினார், எம்.பி. ஆனார். நமக்கெல்லாம் கிடைக்கும் பேங்க் ஹாலிடே என்ற பொது விடுமுறை, 1871இல் அவர் கொண்டுவந்த சட்டம்.

1882 ஏப்ரல் 19ஆம் தேதி டார்வின் இறந்தார். இந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் என்றுதான் வீட்டார் நினைத்திருந்தார்கள். ஊர்த் தச்சர், அவர் விரும்பியபடியே மெருகு போடாத பெட்டி ஒன்றைச் செய்து முடித்தார். இதற்குள் லப்பக் மற்ற எம்.பி.க்களிடம் கையெழுத்து வாங்கி அபேயில் இடம் கேட்டுவிட்டார். இடமும் கிடைத்தது. தச்சரின் பெட்டி திரும்பி வந்தது. பளபளக்கும் வேறொரு பெட்டி போனது. நாட்டுக்கு அது பெருமைதான். ஆனால் ஊர் வருந்தியது, எனக்கும் அந்த வருத்தம் உண்டு. மனைவி எம்மா 1896இல் இங்கேதான் அடக்கமானார். சின்ன வயதிலேயே போன அவர்களுடைய இரண்டு குழந்தைகளும் இங்கேதான். அதில் ஒன்று 1858 ஜூன் கடைசியில் இறந்த கைக்குழந்தை. அடுத்த சில நாளில், ஜூலை 1 அன்று, பரிணாமம் பற்றி டார்வினும், தனியாக அதே முடிவுக்கு வந்திருந்த வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளரும் எழுதியவை லண்டனில் வாசிக்கப்பட்டன. டார்வின் போகவில்லை.

மலர்விழி:
அண்ணா சொன்னது அத்தனையும் சரி. பெயர்ப்பலகை பார்த்துக் குழம்பாதீர்கள். அயர்லாந்தின் டவுன் (Down) மாவட்டத்தோடு குழப்பம் வருகிறது என்று ஊர்ப்பெயரின் கடைசியில் ஆங்கில ‘e’ எழுத்து ஒன்றைச் சேர்த்தார்கள். டார்வின் தன் வீட்டுப் பெயரில் (Down House) அதைச் சேர்க்கவே இல்லை.

பிள்ளைக்குப் பிடித்தது என்றால், வீட்டில் மாடிப்படியில் பொருத்திச் சறுக்குவதற்கு டார்வின் பிள்ளைகள் வைத்திருந்த சறுக்குப்பலகை. என் மகன் அதைவிட்டு நகரவில்லை. அப்புறம் தோட்டத்துக் கடைசியில் அவர் தினமும் நடந்த மணல்பாதை. திருப்பத்தில் சிக்கிமுக்கிக் கற்களைக் குவித்துவைத்து, ஒரு சுற்றுக்கு ஒரு கல்லைத் தட்டிவிட்டு எண்ணுவார். நாங்களும் ஐந்து கல் வைத்து நடந்தோம்.

செந்தாமரை:
இருவருக்கும் மிக்க நன்றி. முதலில் தேவாலயம், அப்புறம்தான் வீடு. கல் வைத்து நடக்கலாம் என்றதும் மகள் இப்போதே ஷூவை எடுத்து வைத்துவிட்டாள்.